மூன்றாவது குழி: ஒரு பழைய காரில் இக்னிஷன் காயில் மாற்றியதும், மீண்டும் மாற்றியதும்

பின்னணி

கார் 2011 பிப்ரவரியில் சென்னையில் பதிவானது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு வகை. முதலிலிருந்தே ஒரே உரிமையாளர். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதி வைப்பவர். பதினைந்து ஆண்டு முடிந்த பிறகும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கிப் பதிவைப் புதுப்பித்து, இதே காரைத்தான் ஓட்டுவேன் என்பதில் உறுதியாக இருந்தார். முதல் கோளாறு தோன்றியபோது கார் 1,04,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

எங்களுடையது தென்சென்னையில் நான்கு பேர் வேலை செய்யும் சிறிய பட்டறை. நான்கு பேரில் ஒருவன் தொழில் பழகும் பையன். இதில் நடந்த முதல் தவறு எங்களுடையது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த என்ஜினில் சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரும், பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளுக்குப் போகும் நீண்ட ஒயர்களும் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் நடுவே கிணறு போல இறங்கும் குழிக்குள் அதன் ரப்பர் உறை நுழைந்து பிளக்கின் தலையைக் கவ்விக்கொள்ளும். காயில் என்பது உண்மையில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி பிளக்கின் இடைவெளியைத் தாண்டவைக்கும். இடைவெளி எவ்வளவு அகலமோ, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு கூடுதல் வோல்ட் வேண்டும். பின்னால் நடந்தவை விளங்க இது போதும்.

ஜூலை 2023: முதல் வருகை

"தம்பி, கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது வண்டி இருமுகிறது" என்றார் ஆசிரியர். சமதளத்தில் சரியாக ஓடுகிறது. மூன்றாவது கியரில் மேடு ஏறினால் உதறுகிறது. அப்போது செக் என்ஜின் விளக்கு சிமிட்டுகிறது. மேடு தாண்டியதும் விளக்கு நிலையாக எரிகிறது. அவர் சொன்னதிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், தீப்பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். பலவீனமான காயில் முதலில் மண்டியிடுவது அங்கேதான்.

கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அதற்குப் பொருள். எங்கள் வழக்கப்படி மூன்றாவது காயிலையும் முதல் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்து, மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். இம்முறை பி0301 வந்தது. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது. எனவே பிளக்கோ பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ காரணமில்லை, காயில்தான். பாடப்புத்தகத்தில் இருக்கும் சோதனை, பாடப்புத்தகத்தில் இருக்கும் விடை. முதல் குழியில் இருந்த கெட்ட காயிலைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் பொருத்தினோம். ஓட்டிப் பார்த்ததில் மிஸ்ஸிங் இல்லை.

வேலை அட்டையில் நான் எழுதியது: "3-ஆம் காயில் மாற்றப்பட்டது." காயில் 2,400 ரூபாய், கூலி 400 ரூபாய்.

இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்தும் கடந்துபோனோம். மூன்றாவது குழியிலிருந்து வெளியே வந்த ரப்பர் உறையின் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பையன் துணியால் துடைத்தான். சர்வீஸ் புத்தகப்படி பிளக்குகள் கடைசியாக மாற்றப்பட்டது 58,000-ல். சாதாரண நிக்கல் பிளக்குக்கு 46,000 கிலோமீட்டர் என்பது ஆயுள் முடிந்த கணக்கு. அதைச் சொன்னேன். "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நானும் சரி என்றேன். அன்று பட்டறையில் மூன்று வண்டிகள் காத்திருந்தன.

அக்டோபர் 2023: இரண்டாவது வருகை

அக்டோபர் கடைசி வாரம், மழை தொடங்கியிருந்தது. ஆசிரியர் இம்முறை இருமல் என்று சொல்லவில்லை. "நீங்கள் போட்ட காயில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை" என்றார். குரல் உயரவில்லை, மாணவனிடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் குரல் அது. இரவு பெய்த மழையில் வண்டி வெளியே நின்றிருக்கிறது. காலையில் கிளப்பியதிலிருந்தே ஐட்லிங்கில் குலுங்குகிறது, விளக்கு சிமிட்டுகிறது. நோட்டுக் கணக்குப்படி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இரண்டு வாரமாக 12-க்கு இறங்கியிருந்தது. அருகிலிருந்த மையத்தில் புகைச் சோதனையும் செய்து பார்த்திருந்தார்: ஹைட்ரோகார்பன் 640 பி.பி.எம். இந்த வகைக் காருக்கு வரம்பு 200. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்கேனரில் மீண்டும் அதே பி0303. கூடவே எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிடாத பி0300. மூன்றாவது குழியின் காயிலைக் கழற்றிவிட்டு, பட்டறையில் சோதனைக்காக வைத்திருக்கும் நல்ல காயிலைப் போட்டதும் என்ஜின் அடங்கி ஓடியது. அப்படியானால் ஜூலையில் நாங்கள் வாங்கிய காயில்தான் கெட்டது. போலிச் சரக்கு கலந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கழற்றிய காயிலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன்.

உதிரிபாகக் கடைக்காரர் ரசீதைப் பார்க்கவேயில்லை. காயிலின் தலையைத் திருப்பி, கட்டைவிரலால் அழுக்கைத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தார். பிளாஸ்டிக்கில் வார்ப்பின்போதே பதியும் ஒரு சின்ன வட்டம். கடிகார முகம் போல ஓரத்தில் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அதன் இரு பக்கமும் பிரிந்து நிற்கும் 10. அம்பு 11-ஐக் காட்டியது.

"தம்பி, இது 2010 நவம்பரில் செய்த காயில். நான் உங்களுக்கு விற்றது இது இல்லை."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் ஓடிய காயிலில் இவ்வளவு அழுக்கு எப்படி வரும் என்று பட்டறையிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கோபத்தோடு கிளம்பியவனுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

என்ன நடந்திருந்தது

திரும்பும் வழியில் கணக்கு விளங்கியது. ஜூலையில் சோதனைக்காக 1, 3 இரண்டையும் இடம் மாற்றினோம். கெட்டது முதல் குழிக்குப் போனது. அங்கேயே அதைக் கழற்றி, அங்கேயே புதியதைப் போட்டோம். முதல் குழியின் பழைய காயில் மூன்றாவது குழியிலேயே தங்கிவிட்டது. வேலை அட்டையிலோ "3-ஆம் காயில் மாற்றப்பட்டது." புதிய காயில் மூன்று மாதமாக முதல் குழியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் அதைக் குற்றவாளியாக்கி, பழையதைக் கடை வரை கொண்டுபோயிருக்கிறோம்.

ஆனால் இந்தக் குழப்பம்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. முதல் குழியில் பன்னிரண்டு ஆண்டுகள் நன்றாக உழைத்த காயில், மூன்றாவது குழிக்குப் போன மூன்று மாதத்தில் செத்துவிட்டது. அதற்கு முன் அதே குழியில் இன்னொன்று செத்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வி எந்தக் காயில் கெட்டது என்பதில்லை. அந்தக் குழியில் என்ன இருக்கிறது என்பது. கடைக்காரர் அன்று மறுபேச்சில்லாமல் வேறொரு காயிலைக் கொடுத்திருந்தால் அதையும் அதே குழியில் போட்டு அனுப்பியிருப்பேன்.

குழிக்குள் பார்த்தது

என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, காற்றுக் குழாயால் தூசியை ஊதிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்றாவது குழியின் அடியில் எண்ணெய் தேங்கிப் பளபளத்தது. பிளக்கின் அறுகோணம் பாதி மூழ்கியிருந்தது. இரண்டாவது குழியின் சுவரில் எண்ணெய் வழிந்த தடம். முதல் குழியும் நான்காவது குழியும் உலர்ந்திருந்தன.

எண்ணெயைத் துணியில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினோம். வெள்ளைப் பீங்கானில், மேல்முனையிலிருந்து கீழே உலோக விளிம்பு வரை, கூர்மையான பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. பையன்தான் முதலில் பார்த்தான். நகத்தால் சுரண்டினான், போகவில்லை. காயிலின் ரப்பர் உறையைப் பிளேடால் பிளந்து விரித்தோம். உள்சுவரில் அதே இடத்தில் அதே கோடு. தீப்பொறி சிலிண்டருக்குள் போகாமல் பீங்கானின் மேற்பரப்பு வழியாகவே உலோகத்துக்கு இறங்கி ஓடியிருக்கிறது. ஓடிய பாதை கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த தீப்பொறிக்கு வழி இன்னும் எளிதாகிறது. இந்தக் கோடு விழுந்த பழைய பிளக்கின் மேல் எவ்வளவு நல்ல புதிய காயிலைப் பொருத்தினாலும் சில வாரங்களில் அதன் உறையிலும் கோடு விழும்.

இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் பிளக்கின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 1.1. தேய்ந்த இடைவெளியைத் தாண்டக் காயில் கூடுதல் வோல்ட்டைத் திரட்டுகிறது. எண்ணெயில் ஊறி நெகிழ்ந்த ரப்பரால் அந்த வோல்ட்டைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. உள்ளே தாண்ட வேண்டியது வெளியே தாண்டிவிட்டது. மழைநாளின் ஈரம் மிச்சத்தைச் செய்தது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது? டேப்பட் கவரைத் தூக்கிப் பார்த்ததில், பிளக் குழிகளைச் சுற்றியிருந்த ரப்பர் சீல்கள் கல்லாக இறுகியிருந்தன. இரண்டு விரலால் அழுத்தியதும் பிஸ்கட் போல ஒடிந்தன. பன்னிரண்டு ஆண்டு வெப்பத்துக்கு அது இயல்புதான். ஆனாலும் என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை. கசடு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்ஜின் அடிவயிற்றில் சேரும் வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் கூடி, இறுகிப்போன சீல் வழியாக எண்ணெயைத் தள்ளியிருக்க வேண்டும்.

மீட்டர் சொன்னதும் சொல்லாததும்

கழற்றிய காயிலை மல்டிமீட்டரில் அளந்தோம். முதன்மைச் சுற்று 0.7 ஓம். நல்ல காயிலை அளந்தாலும் 0.7 தான். ஆறிய காயிலை மீட்டரில் வைத்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் பட்டறைகள் நிறைய உண்டு, நாங்களும் சொல்லியிருக்கிறோம். காப்புப் பூச்சு உடைந்திருப்பது மீட்டரின் சில வோல்ட்டில் வெளிப்படாது. ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும்போதுதான், அதிலும் சூடானபோதுதான் தெரியும்.

எனவே இடைவெளியை மாற்றி அமைக்கும் ஸ்பார்க் டெஸ்டரை எடுத்தோம். என்ஜினை இருபது நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு காயில்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சோதனைக்கு முன் இன்ஜெக்டர்களின் ஒயர் இணைப்புகளான கப்ளர்களைக் கழற்றிவிட்டோம். இல்லாவிட்டால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டைச் சூட்டில் உருக்கிவிடும். செக் என்ஜின் விளக்கு சிமிட்டுவதே அந்த ஆபத்துக்கான எச்சரிக்கைதான். முதல் குழியின் புதிய காயிலும் நான்காவது குழியின் பழைய காயிலும் அகலமான இடைவெளியை நீலப் பொறியாகத் தாண்டின. இரண்டாவது மஞ்சளாகத் தாண்டியது. சில தடவை தாண்டவே இல்லை. மூன்றாவதிலிருந்து கழற்றியது தாண்டவில்லை.

எடுத்த முடிவுகள்

சீல்களும் டேப்பட் கவர் பேக்கிங்கும், நான்கு பிளக்குகளும், பிசிவி வால்வைச் சுத்தம் செய்வதும் விவாதத்துக்கு இடமில்லாதவை. விவாதம் வந்தது காயில் எண்ணிக்கையில். ஒன்று போனால் நான்கையும் மாற்றிவிடுங்கள் என்பது பரவலான அறிவுரை. அதில் நியாயம் உண்டு. நான்கும் ஒரே வயது. கூலியும் ஒரு தடவையோடு போகும். ஆனால் இந்தக் காரில் காயில்கள் வயதால் சாகவில்லை. எண்ணெய் இறங்கிய குழிகளில் செத்தன. உலர்ந்த குழிகளில் பிழைத்திருந்தன. நான்காவது காயில் சூட்டிலும் நீலப் பொறி கொடுக்கும்போது, வயதை மட்டும் காரணம் காட்டி இன்னொரு 2,400 ரூபாய் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், பன்னிரண்டு ஆண்டு பழைய பொருளுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்பதையும் சொன்னேன்.

பழைய காயில் வாங்கிப் போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். அது எந்தக் குழியில் என்ன பாடு பட்டு வந்தது என்பது யாருக்கும் தெரியாது, வேண்டாம் என்றேன். கடைசியில் 2, 3 இரண்டுக்கும் புதியவை, 1 ஜூலையில் போட்டது, 4 பழையது என்று முடிவானது. நடந்த குழப்பத்தையும் அவரிடம் மறைக்கவில்லை. வேலை அட்டையைக் காட்டி, எழுதியது தவறு என்றேன். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இடம் மாற்றினால் இடத்தை எழுத வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

செய்த வேலை

புதிய சீல்களை எண்ணெய் தடவி அமர்த்தினோம். கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். முன்பக்க மூடி சேரும் இரண்டு மூலைகளில் மட்டும் சிலிகான் பேஸ்ட் சிறு பொட்டாக. அங்கே தாராளம் காட்டினால் பிதுங்கி உள்ளே விழுந்து எண்ணெய் வழியை அடைக்கும். பிளக்குகளை ஒரு ரப்பர் குழாய்த் துண்டில் செருகிக் கையாலேயே மரை பிடிக்கவைத்தோம். ஹெட் அலுமினியம் என்பதால் கோணலாகப் பிடித்தால் மரை போய்விடும். பிறகு 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம். ரப்பர் உறையின் வாய்க்குள் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ், கடுகளவு.

நான்காவது கப்ளரின் பூட்டு எங்கள் கையில் ஒடிந்தது. வெப்பத்தில் வறண்ட பிளாஸ்டிக்; விரல் நகத்தால் அழுத்த வேண்டியதைப் பையன் ஸ்குரூ டிரைவரால் நெம்பிவிட்டான். புதிய கப்ளர் உடம்பு வரவழைத்து மறுநாள் மாற்றினோம். அதனால் கார் ஒரு நாள் தாமதமாகப் போனது.

காயில் இரண்டும் 4,800, பிளக் நான்கும் 720, பேக்கிங்கும் சீல்களும் 1,100. மொத்தம் 6,620 ரூபாய். கூலியும் கப்ளரும் எங்கள் கணக்கில்.

பின்னர் நடந்தது

குறியீடுகளை அழித்து, மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் இரண்டு தடவை ஏறிப் பார்த்தோம், உதறல் இல்லை. புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் 110 பி.பி.எம்., கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீத வரம்புக்குள். கேடலிட்டிக் கன்வர்ட்டர் தப்பித்ததா என்ற கவலை மட்டும் இருந்தது. அதன் திறன் குறைந்தால் வரும் பி0420-ஐ அடுத்தடுத்த வருகைகளில் தேடினோம். வரவில்லை.

டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. ஆசிரியர் முதல் நாளே காரை மேடான தெருவில் நிறுத்தியிருந்தார். தண்ணீர் உள்ளே வரவில்லை, ஆனால் மழை முழுவதும் அதன் மேல்தான் பெய்தது. தண்ணீர் வடிந்த பிறகு கிளப்பியதும் ஒரே சாவியில் எடுத்தது, விளக்கு எரியவில்லை என்று போனில் சொன்னார். 2024 நவம்பரில் 9,000 கிலோமீட்டர் கூடுதலாக ஓடிவிட்டு வந்தபோது நான்கு காயில்களையும் கழற்றிப் பார்த்தோம். குழிகள் உலர்ந்திருந்தன. நோட்டில் மைலேஜ் மீண்டும் 15.

இப்போது வேறாகச் செய்வது

இடம் மாற்றிச் சோதிக்கும்போது காயிலின் தலையில் வெள்ளை டேப் ஒட்டி, அது எந்தக் குழியிலிருந்து வந்தது என்று எழுதுகிறோம்; சோதனை முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வேலை அட்டையில் எந்தக் குழியில் எது இருக்கிறது என்பதும் வார்ப்புத் தேதியும் போகின்றன. இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

காயிலைக் கழற்றினால் குழிக்குள் டார்ச் அடிக்காமல் புதியதைப் போடுவதில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு நகர்ந்ததுதான் ஜூலையில் நடந்த பெரிய தவறு. அட்டையில் தவறாக எழுதியது இரண்டாவதுதான். பிளக் விஷயத்தில் இப்போது கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். வாடிக்கையாளர் அடுத்த சர்வீஸுக்குத் தள்ளினால் கழற்றிய பிளக்கையும் ஃபீலர் கேஜையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். 1.5 மில்லிமீட்டர் தகடு வழுக்கிக்கொண்டு நுழைவதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒத்திவைப்பதில்லை.

நான்காவது காயிலை மாற்றாமல் விட்டது சரியா என்பதில் பட்டறைக்குள்ளேயே இன்னும் ஒற்றுமை இல்லை. மூத்த மெக்கானிக் அன்றே மாற்றியிருக்க வேண்டும் என்கிறார். கடைசி வருகையில் சூட்டில் சோதித்தபோதும் அது நீலமாகவே பொறித்தது. இப்போதாவது மாற்றிவிடலாமா என்று ஆசிரியர் கேட்டார்; இன்னும் வேண்டாம் என்றேன். தலையாட்டினார். காரை வெளியே எடுக்கும்போது டிக்கியைத் திறந்து காட்டினார்: பெட்டி பிரிக்காத புதிய காயில் ஒன்று, அதனுடன் ரப்பர் பேண்டில் கட்டிய 10 எம்.எம். ஸ்பேனர். பெட்டியின் மேல் நோட்டில் இருக்கும் அதே கையெழுத்தில் "4" என்று எழுதியிருந்தது.